ஆசிலோஸ்கோப் கோப்புகளை ப்ளகின் வழியாக டையாடெமில் ஏற்றுதல்: முழுமையான வழிகாட்டி

ஆசிலோஸ்கோப்பில், அதாவது மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவியில், பிடித்த அலையைப் பென்டிரைவில் சேமித்துக் கொண்டுவந்து ஆய்வு மென்பொருளில் திறந்தால், கோப்பு வகை தெரியவில்லை என்று அது கையை விரித்துவிடும். உடனே பெரும்பாலோர் செய்வது, ஸ்கோப்புக்கே திரும்பிப் போய் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) சேமிப்பதுதான். சின்னப் பதிவுக்கு அது போதும். ஒரு கோடிப் புள்ளிகள் உள்ள பதிவுக்கு ஒத்துவராது. எக்செல் தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. கோப்பும் பல மடங்கு வீங்கிவிடும். கண்ணில் படாத சிக்கல் இன்னொன்றும் உண்டு. சிஎஸ்வியின் நேர நெடுவரிசையில் ஐந்தாறு இலக்கங்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தால், நானோவிநாடி இடைவெளியில் எடுத்த பல புள்ளிகளுக்கு ஒரே நேரம் பதிவாகியிருக்கும். அந்த நெடுவரிசையை வைத்து எழுச்சி நேரத்தை (அலை கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரத்தை) கணக்கிட்டால் விடை எங்கோ போய் நிற்கும்.

ஆகவே ஸ்கோப்பின் சொந்த பைனரி கோப்பை நேரடியாகத் திறப்பதே நல்லது. அதற்குத்தான் ப்ளகின். இங்கே நான் எடுத்துக்கொள்வது டையாடெம். 2023 முதல் எமர்சன் குழுமத்தில் இருக்கும் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஆய்வு மென்பொருள் அது. அதில் உள்ள டேட்டாப்ளகின் ஏற்பாட்டின்படி, ஒரு கோப்பு வடிவத்தைப் படிக்கத் தெரிந்த சிறு நிரலைச் சேர்த்துவிட்டால் போதும்; அதன் பிறகு அந்தக் கோப்பு மென்பொருளின் சொந்தக் கோப்பு போலவே நடத்தப்படும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு நிறுவுவதும் ஏற்றுவதும் மாறும்; சரிபார்க்கும் முறை மாறாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிறுவுவது ஐந்து நிமிட வேலை. நேரம் கொடுக்க வேண்டியது சரிபார்ப்புக்கு. கோப்பு திறந்துவிட்டது என்பது ஒன்று, சரியாகத் திறந்தது என்பது வேறு. தப்பாகப் படிக்கப்பட்ட அலையும் பார்ப்பதற்குப் பெரும்பாலும் அலை மாதிரியேதான் இருக்கும்.

படி 1: ஸ்கோப்பிலேயே தொடங்குங்கள்

முக்கியமான பதிவை எடுத்துவந்து அதன் மேல் புது ப்ளகினைச் சோதிக்காதீர்கள். விடை தெரிந்த ஓர் அலையை முதலில் பிடியுங்கள். ப்ரோபை (மின்சுற்றில் தொட்டு அளக்கும் முனையை) சரிசெய்வதற்காக ஏறக்குறைய எல்லா ஸ்கோப்பின் முகப்பிலும் ஒரு சதுர அலை முனை இருக்கும். பலவற்றில் அது 1 கிலோஹெர்ட்ஸ். அதில் ப்ரோபை மாட்டி, 10,000 புள்ளிகள், 400 நானோவிநாடி இடைவெளி என்று வைத்தால் மொத்தம் 4 மில்லிவிநாடி. அதாவது சரியாக நான்கு சுற்றுகள். இந்த அலையைச் சும்மா நடுவில் வைக்காமல், திரையில் இரண்டு கட்டம் கீழே இறக்கிவைத்துச் சேமியுங்கள். ஏன் என்பது படி 6-இல் புரியும்.

சேமிக்கும்போது ஸ்கோப்பே காட்டும் அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: உச்சம் முதல் உச்சம் வரை எத்தனை வோல்ட், சுற்றுக்காலம் எவ்வளவு, ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட், புள்ளிகளின் எண்ணிக்கை, ட்ரிகர் (அலையைப் பிடிக்கத் தூண்டிய கணம்) திரையின் எந்த இடத்தில். திரையைப் படமாகவும் சேமித்துவிட்டால் இன்னும் வசதி.

ப்ரோபின் பெருக்கத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ப்ரோப் 10 மடங்கு குறைப்பில் இருக்க, சேனல் 1 மடங்கில் இருந்தால், கோப்பில் பதிவாகும் மதிப்பே பத்தில் ஒரு பங்குதான். எந்த ப்ளகினாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கரன்ட் ப்ரோபும் அப்படியே. அலகை ஆம்பியர் என்று மாற்றாமல் விட்டால் கோப்பு வோல்ட் என்றுதான் சொல்லும். ஒரு மோட்டாரின் தொடக்க மின்னோட்டப் பதிவுகளை இப்படி வோல்ட்டிலேயே எடுத்துவைத்துவிட்டு, எந்தப் பதிவில் ப்ரோப் எந்த அளவில் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கவே ஒரு நாள் முழுக்கப் போனது எனக்கு.

படி 2: கோப்பின் உள்ளே ஒரு பார்வை

டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்களில் இரண்டு பைனரி வடிவங்களைப் பார்க்கலாம்: ஐஎஸ்எஃப், டபிள்யூஎஃப்எம். ஐஎஸ்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் சில வரிகள் படிக்கிற மாதிரியே இருக்கும். சேனல் எது, ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட், எத்தனை புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி நேர இடைவெளி என எல்லாம் எழுத்தாகவே இருக்கும். அதற்குப் பின் கர்வ் என்ற சொல், ஒரு ஹேஷ் குறி, சில இலக்கங்கள், அப்புறம் புரியாத குப்பை. அந்தக் குப்பைதான் நம் அலை.

ஹேஷ் குறிக்குப் பின்னால் 520000 என்று இருந்தால் அதை ஐந்து லட்சத்துச் சொச்சம் என்று படிக்கக் கூடாது. முதல் இலக்கமான 5, அடுத்து எத்தனை இலக்கங்கள் வருகின்றன என்பதைச் சொல்கிறது; அந்த ஐந்து இலக்கங்கள் 20000. அதாவது 20,000 பைட் தரவு. புள்ளிக்கு 2 பைட் என்றால் 10,000 புள்ளிகள். கருவிகளுக்கான ஐஇஇஇ 488.2 தரத்தின் வழக்கம் இது. நீங்கள் குறித்துவைத்த புள்ளி எண்ணிக்கையோடு இது ஒத்துப்போனால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது. பென்டிரைவைப் பாதியில் பிடுங்கியிருந்தால் கோப்பின் மொத்த அளவு இதைவிடக் குறைவாக இருக்கும்.

டபிள்யூஎஃப்எம் கோப்பை இப்படி வாசிக்க முடியாது. ஆனால் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் இரண்டு பைட்டும் 15 ஆகவோ (ஹெக்ஸில் 0F) 240 ஆகவோ (F0) இருக்கும்; அது பைட் வரிசையை, அதாவது 2 பைட் எண்ணில் பெரிய பைட் முதலில் வருகிறதா சின்ன பைட் முதலில் வருகிறதா என்பதைச் சொல்லும் அடையாளம். அடுத்து வடிவத்தின் பதிப்பு 1, 2, அல்லது 3 என்று எழுத்திலேயே தெரியும். பழைய ப்ளகின் ஒன்று புதிய ஸ்கோப்பின் கோப்பைத் திறக்க மறுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

யோகோகாவாவின் பழைய கருவிகளில் தரவு ஒரு கோப்பிலும், அதைப் படிக்கத் தேவையான தகவல்கள் கொண்ட ஹெடர் ஹெச்டிஆர் என்ற இன்னொரு கோப்பிலும் இருக்கும். ஒன்றை மட்டும் நகலெடுத்து வந்தால் எந்தப் பயனுமில்லை.

படி 3: நிறுவுதல்

டையாடெமின் டேட்டாப்ளகின்கள் யூஆர்ஐ என்ற நீட்டிப்புள்ள ஒற்றைக் கோப்பாக வருகின்றன. உங்கள் ஸ்கோப்பின் தயாரிப்பாளர், கோப்பு வடிவம் இரண்டையும் பார்த்து, நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். டையாடெமை மூடிவிட்டு, இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்தால் அது பதிவாகிவிடும். மென்பொருளின் அமைப்புகளில் டேட்டாப்ளகின் பட்டியலைத் திறந்து, பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரவில்லையா? இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். அலுவலகக் கணினியில் நிர்வாகி அனுமதி இல்லாதது ஒன்று. மற்றது, ப்ளகின் டிஎல்எல் ஆகத் தொகுக்கப்பட்டிருப்பது. அப்படியிருந்தால் 32 பிட், 64 பிட் விஷயத்தில் அது டையாடெமோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்கிரிப்டாக எழுதப்பட்ட ப்ளகினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 4: ஒரே நீட்டிப்பு, இரண்டு வடிவம்

ஒரு கோப்பை எந்த ப்ளகினிடம் கொடுப்பது என்பதை மென்பொருள் பெரும்பாலும் கோப்புப் பெயரின் நீட்டிப்பை வைத்தே முடிவுசெய்கிறது. டபிள்யூஎஃப்எம் என்ற நீட்டிப்பை டெக்ட்ரானிக்ஸும் பயன்படுத்துகிறது, ரிகோலும் பயன்படுத்துகிறது. உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

நன்றாக எழுதப்பட்ட ப்ளகின், கோப்பின் தொடக்கத்தில் உள்ள அடையாள பைட்டுகளைப் பார்த்து, இது என்னுடையதில்லை என்று விலகிக்கொள்ளும். சோம்பேறித்தனமாக எழுதப்பட்டது, ஹெடர் இருக்க வேண்டிய இடத்தில் கிடைத்ததை வாரிக்கொண்டு ஏதோ ஒரு கோட்டை வரைந்து காட்டிவிடும். எனவே இரண்டு தயாரிப்பாளர்களின் கருவிகள் உங்களிடம் இருந்தால், நீட்டிப்பை நம்பாமல், டையாடெமில் கோப்புகளைத் தேடும் பகுதியான நேவிகேட்டரில் கோப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து ப்ளகினை நீங்களே தேர்ந்தெடுங்கள். கருவிக்கு ஒரு கோப்புறை என்று பிரித்துவைத்தால் தலைவலி இன்னும் குறையும்.

படி 5: ஏற்றுதல்

நேவிகேட்டரில் கோப்பைக் கண்டுபிடித்து, ஏற்றிய தரவு நிற்கும் டேட்டா போர்ட்டலுக்கு இழுத்து விடுங்கள். கோப்பு, அதன் கீழ் குழு, குழுவின் கீழ் சேனல் என்று மூன்று அடுக்காக அது விரியும். சேனலைத் தேர்ந்தெடுத்தால் அதன் பண்புகள் கீழே தெரியும். அப்புறம் வியூ பகுதிக்குப் போய் வரைபடத்தில் இழுத்துப் போட்டால் அலை தெரியும்.

பெரிய கோப்பென்றால் குறைத்து ஏற்றும் வசதி உண்டு. பத்துப் புள்ளிக்கு ஒன்று என்று எடுக்கலாம், அல்லது இடைவெளிக்கு ஒரு சராசரி என்று எடுக்கலாம். மேலோட்டமாகப் பார்க்க இது சரி. கூரான துடிப்புகளைத் தேடும்போது இதைத் தொடவே கூடாது. 20 நானோவிநாடி அகலமுள்ள ஒரு ஸ்பைக், பத்தில் ஒன்று எடுக்கும்போது சுவடே இல்லாமல் போய்விடக்கூடும். சராசரி எடுத்தால் குட்டையாகித் தெரியும், அது இன்னும் மோசம்.

படி 6: சரியாகத்தான் திறந்திருக்கிறதா?

முதலில் நேரம். பண்புகளில் டபிள்யூஎஃப்_இன்கிரிமென்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நேரம். டபிள்யூஎஃப்_சாம்பிள்ஸ் என்பது புள்ளி எண்ணிக்கை. டபிள்யூஎஃப்_ஸ்டார்ட்_ஆஃப்செட் என்பது முதல் புள்ளியின் நேரம். நம் சதுர அலைக்கு இடைவெளி 400 நானோவிநாடி, எண்ணிக்கை 10,000, ட்ரிகர் நடுவில் இருந்தால் தொடக்கம் −2 மில்லிவிநாடி. தொடக்கம் 0 என்று காட்டினால் ப்ளகின் ட்ரிகரின் இடத்தைத் தூக்கி எறிந்துவிட்டது என்று பொருள். ஒரே சேனலை மட்டும் பார்க்கும்போது இது உறுத்தாது. வேறு வேறு ட்ரிகர் இடத்தோடு எடுத்த இரண்டு பதிவுகளை ஒன்றன் மேல் ஒன்று வைக்கும்போதுதான் வம்பு தொடங்கும்.

எண்ணிக்கை 10,000-க்குப் பதில் முப்பது போலக் கூடுதலாக இருக்கிறதா? டபிள்யூஎஃப்எம் வடிவத்தில் பதிவின் முன்னும் பின்னும் இடைச்செருகலுக்காக (புள்ளிகளுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணிப்பதற்காக) சில உபரிப் புள்ளிகள் இருக்கும். அவற்றைக் கழிக்கத் தெரியாத ப்ளகினில் அலை முழுவதும் அத்தனை புள்ளிகள் தள்ளிப்போயிருக்கும்.

அடுத்து மின்னழுத்தம். கோப்பில் இருப்பது வோல்ட் இல்லை, வெறும் முழு எண்கள். ஐஎஸ்எஃப் வடிவத்தில் அதை வோல்ட்டாக்கும் சூத்திரம்:

மின்னழுத்தம் = (எண் − ஒய்ஆஃப்) × ஒய்மல்ட் + ஒய்ஜீரோ

ஒய்மல்ட் என்பது ஒரு படிக்கு எத்தனை வோல்ட், ஒய்ஆஃப் என்பது அலையை மேலே கீழே நகர்த்திய அளவு படிகளில், ஒய்ஜீரோ என்பது கடைசியில் கூட்டும் வோல்ட்; நம் எடுத்துக்காட்டில் அது சுழி. ஒய்மல்ட் எங்கிருந்து வருகிறது? 8 பிட் டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்களில் ஒரு கட்டத்துக்கு 25 படிகள். அதை 2 பைட்டாக எழுதும்போது 256 ஆல் பெருக்கி 6,400 படிகள். ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட் என்றால் ஒய்மல்ட் 156.25 மைக்ரோவோல்ட். ஹெடரில் இந்த எண்ணைப் பார்த்தாலே ஸ்கோப் எந்த அளவில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

இரண்டு கட்டம் கீழே இறக்கிவைத்த நம் அலையில் ஒய்ஆஃப் −12,800 ஆக இருக்கும். அலையின் மேல் மட்டத்தில் ஒரு புள்ளியின் எண் 3,328 என்று வைத்துக்கொள்வோம். 3,328 − (−12,800) = 16,128. அதை 156.25 மைக்ரோவோல்ட்டால் பெருக்கினால் 2.52 வோல்ட். ப்ளகின் ஒய்ஆஃபை மறந்திருந்தால் இதே புள்ளி 0.52 வோல்ட் என்று வரும். உச்சம் முதல் உச்சம் வரை உள்ள அளவு மட்டும் சரியாகவே இருக்கும்! அலையை நடுவில் வைத்துச் சோதித்திருந்தால் ஒய்ஆஃப் சுழி, தவறு வெளியே வந்தே இருக்காது. இரண்டு கட்டம் இறக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்தச் சூத்திரம் மாறும். லெக்ராயின் டிஆர்சி கோப்பில் முதலில் பெருக்க வேண்டும், பிறகுதான் ஆஃப்செட்டைக் கழிக்க வேண்டும். அந்த ஆஃப்செட் வோல்ட்டிலேயே இருக்கும். ஒன்றுக்கு எழுதிய கணக்கை மற்றதில் ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பைட் வரிசை தவறும்போது நடப்பதுதான் இருப்பதிலேயே வேடிக்கை. இப்போது அலையை நடுவில் வைத்து, ஒய்ஆஃப் சுழியாக, கோப்பில் உள்ள எண்ணே 16,128 என்று வைத்துக்கொள்வோம். அது 63 × 256. அதாவது பெரிய பைட் 63, சின்ன பைட் 0. இரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் வெறும் 63, அதாவது 9.84 மில்லிவோல்ட். சத்தம் போல எதுவும் தெரியாது. 256 மடங்கு சுருங்கிய ஒழுங்கான அலைதான் தெரியும். எதிர்ப் பக்கத்தில் −16,128 இருந்தால் அதன் பெரிய பைட் 193. மாற்றிப் படித்தால் 193, அதாவது சுமார் 30.2 மில்லிவோல்ட். கீழே இருக்க வேண்டிய பாதி, மேல் பாதிக்கும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். சதுர அலையில் இது தலைகீழான சதுர அலையாகத் தெரியும், அவ்வளவுதான். சராசரி முறையிலோ உயர் தெளிவு முறையிலோ எடுத்த பதிவில் சின்ன பைட்டும் நிரம்பியிருப்பதால் அப்போதுதான் எல்லாரும் எதிர்பார்க்கும் அந்தக் கந்தல் கோலம் தெரியும்.

குறியுள்ள எண்ணைக் குறியில்லாததாகப் படித்தால் வேறு மாதிரி. மேல் பாதி அப்படியே இருக்க, சுழிக்குக் கீழே போகும் பகுதி மட்டும் திடீரென்று உச்சிக்குத் தாவும். சைன் அலையில் இதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

பீக் டிடெக்ட் அல்லது என்வலப் முறையில் எடுத்த பதிவு இன்னொரு வகை. அதில் ஒவ்வொரு இடைவெளிக்கும் சிறும மதிப்பு, பெரும மதிப்பு என்று இரண்டிரண்டாக எண்கள் இருக்கும். சாதாரணப் பதிவு என்று நினைத்துப் படித்தால் அலை தடித்த பட்டை போலத் தெரியும். அதன் மேல் எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் சாம்பிள் வேகத்தின் பாதியில் ஒரு பெரிய கோபுரம் நிற்கும். அது உங்கள் மின்சுற்றில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது.

கடைசியாக, பேண்ட் கர்சரை ஒரு சுற்றின் இரு முனைகளில் வைத்து 1 மில்லிவிநாடி வருகிறதா, உயரம் தாளில் குறித்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கூடவே சேனலின் பெரும, சிறும மதிப்புகளையும் பாருங்கள். பல நூறு புள்ளிகள் ஒரே பெரும மதிப்பில் தட்டையாக நின்று, அது திரையின் விளிம்பாகவும் இருந்தால், அலை ஸ்கோப்பிலேயே வெட்டுப்பட்டிருக்கிறது.

படி 7: பல கோப்புகள்

டெக்ட்ரானிக்ஸின் டபிள்யூஎஃப்எம்மிலும் ஐஎஸ்எஃபிலும் ஒரு கோப்புக்கு ஒரு சேனல்தான். நான்கு சேனலுக்கு நான்கு கோப்பு. எல்லாவற்றையும் ஏற்றியபின் ஒரே குழுவில் சேர்க்குமுன் நேர இடைவெளி, தொடக்கம், எண்ணிக்கை மூன்றும் நான்கிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால்தான் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் புள்ளிக்குப் புள்ளி பெருக்கித் திறனைக் கணக்கிட முடியும்.

நூற்றுக்கணக்கில் கோப்புகள் இருந்தால் கையால் இழுத்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்கிரிப்ட் பகுதியில் டேட்டாஃபைல்லோடு என்ற கட்டளைக்குக் கோப்பின் பாதையையும் ப்ளகினின் பெயரையும் கொடுத்து, கோப்புறை முழுவதும் சுழல வைக்கலாம். ப்ளகின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அது இருந்தால் படி 4-இன் குழப்பமே வராது. சுழலுக்குள், ஒவ்வொரு கோப்பின் இடைவெளி, எண்ணிக்கை, பெரும, சிறும மதிப்புகளை ஓர் உரைக் கோப்பில் எழுதிவையுங்கள். நூறில் மூன்று வேறுபட்டிருந்தால் அந்தப் பட்டியலில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஏற்றியதை நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சொந்த வடிவமான டிடிஎம்எஸ் வடிவத்தில் சேமித்துக்கொண்டால் அடுத்த முறை ப்ளகின் இல்லாத கணினியிலும் திறக்கலாம். 2 பைட் எண்களை 8 பைட் தசம எண்களாகச் சேமித்தால் அளவு நான்கு மடங்காகும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். ப்ளகினில் பிழை இருந்தது பின்னாளில் தெரியவந்தால், திரும்பப் படிக்க அது ஒன்றுதான் மிஞ்சும்.

டேட்டாஃபைண்டர் (கோப்புகளை அவற்றின் பண்புகளைக் கொண்டு தேடித் தரும் வசதி) வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைச் செய்ய வேண்டும். அது ப்ளகின் வழியாகத்தான் கோப்புகளின் பண்புகளைப் படித்து அட்டவணைப்படுத்துகிறது. ப்ளகினை மாற்றினால் பழைய அட்டவணை தானாகத் திருந்திவிடும் என்று நம்பியிராமல் மறுபடி அட்டவணைப்படுத்தச் சொல்லுங்கள்.

ப்ளகினே கிடைக்காவிட்டால்

உங்கள் கருவிக்கு ஆயத்தமான ப்ளகின் இல்லையென்றால் விபிஸ்கிரிப்டில் நீங்களே எழுதலாம். கோப்பு வடிவ விளக்கம் கையில் இருந்தால் ஒரு நாள் வேலை. ரீட்ஸ்டோர் என்ற ஒரே செயல்பாட்டுக்குள் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்: அடையாள பைட்டுகளைச் சோதித்து, பொருந்தாவிட்டால் ரெய்ஸ்எரர் மூலம் விலகிக்கொள்ளுங்கள், பைட் வரிசையை அமையுங்கள், தரவு தொடங்கும் இடத்தில் ஒரு பைனரி பிளாக்கை வைத்து, அதில் 2 பைட் முழு எண் சேனல் ஒன்றைச் சேருங்கள்.

வோல்ட்டாக்கும் கணக்கைச் சுழல் போட்டுப் புள்ளி புள்ளியாகச் செய்ய வேண்டாம். சேனலுக்கு ஃபேக்டர், ஆஃப்செட் என்று இரண்டு பண்புகள் உண்டு. ஃபேக்டரில் ஒய்மல்ட், ஆஃப்செட்டில் ஒய்ஜீரோ − ஒய்ஆஃப் × ஒய்மல்ட். நம் எடுத்துக்காட்டில் அது 12,800 × 156.25 மைக்ரோவோல்ட், அதாவது சரியாக 2 வோல்ட். இரண்டு கட்டம் இறக்கியதற்கு ஈடு. மென்பொருள் மூல எண்களை நேரடியாகக் கோப்பிலிருந்து எடுத்துத் தானே மாற்றிக்கொள்ளும் என்பதால் ஒரு கோடிப் புள்ளியும் சட்டென்று திறக்கும். எழுதி முடித்ததும் படி 1-இல் சேமித்த சதுர அலையைத்தான் முதலில் திறக்க வேண்டும்.